அரை மணி ஆச்சு

ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முதுகு வலி குறைந்ததா? பாப்பா லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். உயரத்தில் நின்று செய்கிற வேலை. கவனமாக இருக்கச் சொல்லுங்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை, பாப்பாவின் பிறந்த நாளுக்கு மட்டும் எழுதுகிறவன் இப்போது எழுதுகிறேனே என்று பார்க்கிறீர்களா? ஓர் உதவி வேண்டும். எங்கள் கடற்படை பீரங்கிப் பயிற்சிப் பள்ளிக்கு இந்த ஆகஸ்டில் ஐம்பது வயது. விழாவுக்குப் பள்ளியின் வரலாற்றைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று கமாண்டர் முடிவு செய்து, எழுதுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார். பயிற்றுநர்களிலேயே நோட்டீஸ் போர்டில் எழுதினால் படிக்க முடிகிற கையெழுத்து எனக்குத்தானாம். கையெழுத்து வேறு, எழுத்து வேறு என்று அவரிடம் யார் சொல்வது? நீங்கள் அச்சகத்தில் தினமும் பிழை திருத்துகிறீர்கள். என்னுடையதையும் கொஞ்சம் பார்த்துக்கொடுங்கள். முதல் அத்தியாயம் இத்துடன் இருக்கிறது.

பதிலைப் பள்ளி முகவரிக்கே போடுங்கள். வீட்டுக்கு வந்தால் அப்பா கண்ணில் படும்.

அன்புடன்,
தம்பி

ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நானும் பாப்பாவும் நலம். முதுகு வலியும் நலமாக இருக்கிறது. என்னை விட்டுப் போகாத ஒரே சொந்தம் அதுதான். பாப்பா நேற்று ஒரு மருத்துவமனை லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்த நான்கு டாக்டர்களை வெளியே எடுத்தாளாம். வீட்டுக்கு வந்து ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.

உன் அத்தியாயத்தைத் திருத்தியிருக்கிறேன். ஒரே பக்கத்தில் ஆறு இடத்தில் 'வீரம் செறிந்த' என்று போட்டிருக்கிறாய். கட்டடம் வீரம் செறிந்தது, கொடிக்கம்பம் வீரம் செறிந்தது, சமையல்கூடம்கூட வீரம் செறிந்தது. ஐந்தை வெட்டிவிட்டேன். ஒன்றை உன் கமாண்டருக்காக விட்டுவைத்திருக்கிறேன்.

நல்ல விஷயத்தை எல்லாம் நீ ஒளித்துவைக்கிறாய். இலக்கைக் கடலில் ஒரு படகு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கப்பலில் இருந்தவர்கள் இலக்கை விட்டுவிட்டு அந்தப் படகையே சுட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இவர்களுக்குக் குறி பார்க்கச் சொல்லிக்கொடுத்தால் தேவலை என்று பள்ளி தொடங்கியிருக்கிறார்கள். இதைக் கடைசிப் பக்கத்தில், வெட்கப்பட்டுக்கொண்டு, அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறாய். புத்தகத்தின் முதல் வரியே அதுதான், அங்கே தூக்கிப் போட்டிருக்கிறேன். ஆனால் படகோட்டி பிழைத்தாரா என்று நீ எழுதவே இல்லை. படிக்கிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இன்னொன்று. உன் அண்ணன் எந்த அத்தியாயத்தில் வருகிறார்?

மாமாவை நான் விசாரித்ததாகச் சொல்லிவிடாதே. அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

அண்ணி

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் சுகம். அப்பாவுக்கு மட்டும் மூச்சு இரைக்கிறது. பஸ் கண்டக்டராக முப்பது வருஷம் நின்றவர், இப்போது மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுகிறார். ஆனாலும் யாராவது கை கொடுத்தால் தட்டிவிடுகிறார்.

படகோட்டி பிழைத்தார் அண்ணி. ஒரு காது மட்டும் போய்விட்டது. அவரையே பள்ளியின் முதல் காவலாளியாக வைத்துக்கொண்டார்களாம். அதையும் சேர்த்துவிட்டேன்.

இரண்டாவது அத்தியாயம் அனுப்பியிருக்கிறேன். பழைய உப்புக் கிடங்கில் பள்ளி நடந்த காலம். உடைக்கப் போட்ட கப்பல் ஒன்றிலிருந்து கழற்றிக்கொண்டுவந்த ஒரே ஒரு பீரங்கி. அதைத் தொட முதல் வருஷ மாணவர்களுக்கு அனுமதி இல்லை, மரத்தால் செய்த பீரங்கியில்தான் பழக வேண்டும். சுடும் நாளில் அக்கம்பக்கத்துத் தெருக்களில் ஜன்னல் கண்ணாடி நொறுங்கும். பள்ளியின் தச்சர் அடுத்த நாள் காலையிலேயே புதுக் கண்ணாடியோடு வீடு வீடாகப் போவார். எங்கள் ஆசிரியர்கள் எல்லோருமே பாதி செவிடு. நூலகத்தில்கூடக் கத்தித்தான் பேசுவார்கள். ரகசியம் என்று ஒன்று அந்தப் பள்ளியில் இருந்ததே இல்லை.

பாப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தம்பி

பிப்ரவரி 15

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே இருங்கள்.

தச்சர் வரும் பகுதி நன்றாக இருக்கிறது. கை வைக்கவில்லை.

என் கேள்விக்குப் பதில் எங்கே? ஊர்பேர் தெரியாத படகோட்டியின் காது போனது வரை தேடிப்பிடித்து எழுதுகிறாய். உன் கூடப்பிறந்தவர் உயிர் போனதை எழுதப் பேனா வரவில்லையா? உன் அண்ணன் அந்தப் பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளி நடத்திய சுடும் பயிற்சியில், அந்தப் பள்ளியின் கப்பலில் செத்தவர்.

எனக்குத் தெரியாமல் இல்லை, ஏன் தயங்குகிறாய் என்று. விசாரணையில் என்ன எழுதினார்கள் என்பது எனக்கு மனப்பாடம். பீரங்கிக்குள் போன குண்டு வெடிக்கவில்லை. வெடிக்காத குண்டு உள்ளே கனன்றுகொண்டிருந்து தாமதமாகவும் வெடிக்கும், அதனால் பீரங்கியின் பின்பக்கக் கதவை அரை மணி நேரம் திறக்கக் கூடாது என்பது விதி. கதவு உன் அண்ணன் பொறுப்பு. அவர் அரை நிமிடம்கூடக் காத்திருக்காமல் 'அரை மணி ஆச்சு' என்று பொய்யாகக் கத்திவிட்டுக் கதவைத் திறந்தார். குண்டு அவர் முகத்தில் வெடித்தது. ஏன் பொய் சொன்னார்? சட்டைப்பையில் என் கடிதம் இருந்தது. நாள் நெருங்கிவிட்டது, சீக்கிரம் லீவு போட்டு வாருங்கள் என்று எழுதியிருந்தேன். வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஊருக்கு ஓடுகிற அவசரம் என்று தீர்ப்பு எழுதி மூடிவிட்டார்கள். நிறைமாத வயிற்றோடு இருக்கிறவள் புருஷனுக்கு வேறு என்ன எழுதுவாள்?

தீர்ப்பு வருவதற்கு முன்பே, உடலோடு வந்த அதிகாரி அந்தக் கடிதத்தைக் காட்டி இதையேதான் சொன்னார். உடலைக் கொண்டுவந்து இறக்கிய அன்று, தெருவே கூடி நிற்கும்போது, உன் அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "உன் கடுதாசிதான் என் புள்ளையக் கொன்னுது." நீயும் பக்கத்தில்தான் நின்றாய். அடுத்த வாரம் பாப்பா பிறந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அவர் சொன்னதை நம்பித்தான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். அந்தக் கடிதத்தை எழுதின கையால்தான் இன்றைக்கும் சோறு பிசைகிறேன்.

பழி என்மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும். அவர் இருந்தார், செத்தார் என்றாவது எழுது.

அண்ணி

மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். அப்பாவை இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தோம். இதயம் பலவீனமாக இருக்கிறதாம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார்.

கமாண்டரிடம் அண்ணனைப் பற்றிப் பேசினேன். விழா மலரில் துக்க சமாச்சாரம் வேண்டாம் என்கிறார். 'இன்னுயிர் ஈந்தோர் பலர்' என்று ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளலாமாம்.

மூன்றாவது, நான்காவது அத்தியாயங்கள் இத்துடன் இருக்கின்றன. நான்காவது சுழற்கோப்பைப் போட்டியைப் பற்றியது. எங்கள் பள்ளியின் பெருமையே அதுதான். இந்த ஒன்றை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பிழை அதிகம் இருக்கும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி

மார்ச் 24

தம்பி,

இரண்டு முறை படிக்கச் சொன்னாய். எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அச்சகத்தில் என் மேஜையில் உட்கார்ந்துதான் படித்தேன். பக்கத்து மேஜைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபேனைப் போட்டார்.

நீ எழுதியதையே உனக்கு எழுதுகிறேன். "போட்டியின் நடுவே நடுவர் ஏதாவது ஒரு தருணத்தில் 'வெடிக்கவில்லை' என்று அறிவிப்பார். விதிப்படி அரை மணி காத்திருந்தால் போட்டி இரவு வரை நீளும் என்பதால், கதவைப் பிடித்திருப்பவர் 'அரை மணி ஆச்சு' என்று உரக்கக் கூவிவிட்டு உடனே கதவைத் திறக்க வேண்டும். யார் முந்திக் கூவுகிறார்களோ அந்த அணிக்கே வெற்றி வாய்ப்பு. பார்வையாளர்களும் சேர்ந்து கூவுவது போட்டியின் தனிச்சுவை. இதற்காக அணிகள் மாதக்கணக்கில் தினமும் பயிற்சி எடுக்கும்."

தனிச்சுவையாம்.

அவர் பொய் சொல்லவில்லை. அவசரப்படவும் இல்லை. என் கடிதத்தை நினைத்துக்கொண்டு நிற்கவும் இல்லை. 'வெடிக்கவில்லை' என்று யாரோ சொன்னதும் வாய் கூவிவிட்டது, கை திறந்துவிட்டது. மரக் குண்டை வைத்து மாதக்கணக்கில் நீங்கள் எதைப் பழக்கினீர்களோ அதை நிஜக் குண்டில் செய்தார். அவ்வளவுதானே?

அவர் செத்த வருஷம் கோப்பையை வாங்கியது உங்கள் அணி. படம் என்னிடம் இருக்கிறது. கதவுக்குப் பக்கத்தில் அவர், குண்டைத் தூக்கிக்கொண்டு நீ. இரண்டு பேரும் ஈயென்று இளித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அப்படியானால் விசாரணைத் தீர்ப்பைக் கேட்ட அன்றே உனக்குத் தெரியும். விசாரணை நடத்தியவர்களுக்குத் தெரியும். அந்தப் பள்ளியில் படித்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதவர்கள் இரண்டே பேர், நானும் உன் அப்பாவும். அவர் என்னைத் திட்டும்போது வாயில் என்னடா வைத்திருந்தாய்?

இதை எனக்குச் சொல்வதற்குத்தான் அனுப்பினாயா, இல்லை, என்ன எழுதுகிறோம் என்று தெரியாமலே எழுதினாயா? அதை மட்டும் சொல்.

அண்ணி

ஏப்ரல் 17

தம்பி,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். நீ இருக்கிறாயா?

பாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாக, "பழுது பாக்கறப்போ கரண்ட்ட நிறுத்தியாச்சுன்னு வாயால சொன்னா எங்க மேஸ்திரி ஒத்துக்க மாட்டாரும்மா. கையால தொட்டுக் காட்டணும்" என்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பார்க்காத அப்பாவுக்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை.

பதில் போடு.

அண்ணி

மே 11

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதங்கள் இரண்டும் வந்தன. நீங்களும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். ஒரு பெரிய நிறுவனம் என்றால் ஆயிரம் இருக்கும். இப்போது அப்பாவிடம் போய் இதைச் சொன்னால் அவர் இதயம் தாங்குமா என்று டாக்டரைக் கேட்டேன். அதிர்ச்சி எதுவும் கூடாது என்கிறார். அவர் காலம் வரை இப்படியே இருந்துவிட்டால் என்ன அண்ணி? உங்களுக்கு உண்மை தெரிந்துவிட்டது அல்லவா?

இன்னொரு விஷயம், நானே சொல்லிவிடுகிறேன். இடையில் நின்றுபோயிருந்த சுழற்கோப்பைப் போட்டியை விழாவுக்காக மறுபடி நடத்துகிறார்கள். என்னை நடுவராகப் போட்டிருக்கிறார்கள். பழைய மாணவர்களின் குடும்பங்களுக்கு முன்வரிசை. அப்பாவும் வருகிறேன் என்று சட்டையை இஸ்திரி போடக் கொடுத்திருக்கிறார். உங்களுக்கும் அழைப்பிதழ் வைத்திருக்கிறேன்.

தம்பி

மே 18

தம்பி என்று கூப்பிட வாய் வரவில்லை, பழக்கத்தில் எழுதுகிறேன்.

உன் அழைப்பிதழைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மிச்சமிருக்கும் அத்தியாயங்களைத் திருத்தாமல் திருப்பி அனுப்புகிறேன். 'வீரம் செறிந்த' என்று எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்.

உன் அப்பாவின் இதயத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. அவர் அன்று தெருவில் வைத்துச் சொன்னபோது எனக்கும் ஓர் இதயம் இருந்தது. என் வயிற்றுக்குள் இன்னொன்றும் இருந்தது. அதற்கு எந்த டாக்டரைக் கேட்டாய்? உண்மை எனக்குத் தெரிந்தால் போதும் என்கிறாய். கொலைகாரி என்று சொன்னவருக்குத் தெரிய வேண்டாமா? அவர் அப்படியே கண்ணை மூடிவிட்டால் நான் யாரிடம் போய், நான் இல்லை என்று சொல்வேன்?

புத்தகத்தில் ஒரு வரியும் வேண்டாம். கோப்பையை நீங்களே வைத்துக் கொஞ்சுங்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. உன் அப்பாவிடம் நீ சொல்ல வேண்டும். நான் சொன்னால் கதை கட்டுகிறாள் என்பார். நீ சொல்ல வேண்டும். அதுவரை எனக்கு எழுதாதே. பாப்பாவின் பிறந்த நாளுக்கும் எழுதாதே.

அந்த மைதானத்தில் இந்தத் தடவையும் யாராவது ஒரு தாய் பெற்ற பிள்ளை 'அரை மணி ஆச்சு' என்று கூவப் போகிறான். நீ விசில் ஊதிக்கொண்டு நிற்கப் போகிறாய். நினைத்தாலே உடம்பு எரிகிறது.

ஆகஸ்ட் 23

அண்ணிக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுவதற்கு இப்போது எனக்கு உரிமை வந்திருக்கிறது என்று நினைத்து எழுதுகிறேன். எல்லோரும் சுகமா?

போட்டி நடந்தது. ஆறு அணிகள், ஆறு பீரங்கிகள். முன்வரிசையில் அப்பா இஸ்திரிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நடுவில் நான் மைக்கில் 'வெடிக்கவில்லை' என்று அறிவித்தேன். கதவைப் பிடித்திருந்த ஆறு பேரும் வாயைத் திறந்தார்கள். கூட்டமும் சேர்ந்து கூவியது. நான் விசிலை ஊதினேன். "ஆகலை. யாரும் கதவைத் தொடாதீங்க. அரை மணி ஆனதும் நான் சொல்றேன்" என்று மைக்கில் சொன்னேன்.

முதலில் சிரித்தார்கள். வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். பிறகு கமாண்டர் மேடையிலிருந்து கையை ஆட்டினார். ஓர் அதிகாரியை அனுப்பினார். விதி இதுதான் சார், இந்தப் பள்ளியின் சுவரிலேயே எழுதியிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நடுவர் சொல்லாமல் அணிகள் அசையக் கூடாது என்பதால் பையன்கள் வெயிலில் அப்படியே நின்றார்கள். வாத்தியக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பாட்டை வாசித்து, அதையும் நிறுத்திவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் எழுந்து போய்விட்டார். அவ்வளவு பெரிய மைதானத்தில் கடல் சத்தம் மட்டும் கேட்டது.

பாதி நேரம் போயிருக்கும். அப்பா எழுந்தார். பிடிக்க வந்தவர்கள் கையைத் தட்டிவிட்டு, மைதானத்தின் குறுக்கே மெதுவாக நடந்து என்னிடம் வந்தார். மூச்சு வாங்க நின்றுவிட்டு, "இவ்ளோ நேரம் நிக்கணும்னு அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலையா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. கத்திட்டுத் திறக்கத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. எனக்கும் அதையேதான் சொல்லிக் கொடுத்தாங்க."

அவர் பீரங்கிகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "அப்ப அந்தக் கடுதாசி?" என்றார். கடிதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். நாற்காலி கொண்டுவந்தார்கள். உட்காரவில்லை. மிச்ச நேரம் முழுவதும் என் பக்கத்திலேயே நின்றார்.

புத்தகத்திலிருந்து அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டார்கள். என்னைப் பயிற்சியிலிருந்து கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அதெல்லாம் பெரிய விஷயம் இல்லை.

நேற்று மாலையிலிருந்து அப்பாவைக் காணவில்லை. பஸ் ஏறிப் போனதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். அங்கே வந்தாரா?

தம்பி

ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

மாமா இங்கேதான் இருக்கிறார். நலமாக இருக்கிறார். மாத்திரைகளை நேரத்துக்குக் கொடுக்கிறேன். பாப்பா மிரட்டிக் கொடுத்தால்தான் விழுங்குகிறார்.

அவர் வந்த அன்று நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றார். அடையாளமே தெரியவில்லை, அவ்வளவு வற்றிப்போயிருந்தார். என்னை ஏறிட்டுப் பார்க்காமல் உள்ளே வர ஒரு காலை எடுத்து வைத்தார். நான் வழியை விடவில்லை. பெரிய மனிதர், நெஞ்சு வலிக்காரர், பஸ்ஸில் இரவெல்லாம் வந்தவர். எல்லாம் தெரிந்துதான் மறித்துக்கொண்டு நின்றேன்.

"என் கடுதாசி உங்க புள்ளையக் கொல்லலைன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, தனக்குத்தானே முணுமுணுக்கிற மாதிரி சொன்னார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "அன்னைக்குத் தெருவுக்கே கேக்கச் சொன்னீங்க மாமா" என்றேன்.

அவர் திரும்பித் தெருவில் இறங்கினார். மாடியில் துணி காயப்போடுகிறவள், சைக்கிள் கடைக்காரர், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். அந்தக் காலத்தில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி ஸ்டாப் பெயரைக் கூவுவாரே, அதே குரலில் சொன்னார்: "என் மருமகமேல தப்பு இல்ல. என் புள்ள சாவுக்கு அவ காரணம் இல்ல. நான்தான் புரியாம பேசிட்டேன்." அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. இது வேறு தெரு, வேறு ஜனங்கள். ஆனால் எனக்குக் கேட்டது. உள்ளே பாப்பாவுக்கும் கேட்டிருக்கிறது, வந்து அவர் கையைப் பிடித்தாள். அவர் தட்டிவிடவில்லை.

இப்போது கோபம் போய்விட்டதா என்று கேட்டு எழுதாதே. போகவில்லை. மாமா மேல் இருந்தது கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அவருக்குத் தெரியாது, தெரிந்ததும் சொன்னார். மைதானத்தில் நீ செய்ததை அவர் எனக்கு மூன்று முறை சொல்லிவிட்டார். மூன்று முறையும் கேட்டேன். பெரிய காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை ஆயிரம் பேருக்கு முன்னால் செய்திருக்கிறாய். எனக்கு முன்னால் இன்னும் நீ எதுவும் சொல்லவில்லை.

மாமாவை அழைத்துக்கொண்டு போக நீதான் வர வேண்டும். வா. வந்து தெருவிலேயே நில். கதவை நான் அப்புறம் திறக்கிறேன்.

அண்ணி